ஏழுமலையின் இடது கண்

ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி.

நேற்று கள்ளக்குறிச்சியில் எங்களுக்குப் பிடித்த ராக் பேண்டு வாசித்தது. நைனார்பாளையத்திலிருந்து ஆறு பேர் போய் வந்தோம். இன்று காலை டீக்கடையில் அதே பேச்சுதான். வழக்கம்போல நான் எல்லாரையும் வம்புக்கு இழுத்தேன்.

"ஏன்டா செல்வம், நீ ஆடுனதப் பாத்து ஆம்புலன்ஸ்காரன் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது என் கூட்டாளி ஏழுமலை எழுந்தான்.

"இவன மட்டும் இன்னாத்துக்கு வுட்டீங்க? கிட்டாருக்காரன் தனியா வாசிச்சப்ப இவன் கொழந்த மாதிரி தேம்பிக்கினு இருந்தான்!"

கடையே சிரிப்பில் அதிர்ந்தது. இத்தனை வருசமாக நான் எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறேன், அதற்காக ஒருத்தரும் என்மேல் கை வைத்ததில்லை. நான் டீ கிளாசோடு அவன் முகத்தில் குத்தினேன். கண்ணாடி நொறுங்கியது. கீழே விழுந்தவனை நெஞ்சில் மிதித்தேன். மூன்று பேர் சேர்ந்து இழுத்த பிறகும் மிதித்தேன். அவன் சட்டையில் டீயும் ரத்தமும் ஒன்றாக வழிந்தன.

பெரியாஸ்பத்திரியில் இடது கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். பார்வை இருக்கிறதா என்று நாளை கட்டைப் பிரித்தால்தான் தெரியுமாம். போலீசிடம் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டான்.

சாயந்திரம் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினான்.

"முழுசா சொல்ல வுட்டியாடா? நானுந்தான் அழுதுக்கினு இருந்தேன்னு சொல்ல வந்தேன்."

நாளை கட்டுப் பிரிக்கும்போது ஆஸ்பத்திரிப் பக்கம் வரக்கூடாது என்று அவன் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.