மாதிரி பார்க்காத இடம்

செவ்வாய், இரவு. செம்மேடு.

கணினியின் மைய நிரலான கெர்னலில், இடையில் எதுவும் குறுக்கிட முடியாத 'அணு'ச் செயல்களைச் சோதிக்கும் நினைவக மாதிரி எதையெல்லாம் பார்க்காது என்று இன்று ஆவணம் எழுதினேன். "நினைவகத்தின் ஒரே இடத்தை ஒரு செயலி முழுதாகவும் இன்னொரு செயலி அதன் சிறு துண்டான ஒரு பைட்டாகவும் தொட்டால், இந்த மாதிரி எதையும் உறுதி சொல்லாது" என்று எழுதியதும் நேற்றைய சோதனையைத் தேடித் திறந்தேன்.

கூட வேலை செய்யும் செல்வி எழுதிய பூட்டு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு செயலியை மட்டும் உள்ளே விடும் நிரல், அப்படித்தான் இயங்குகிறது. மாதிரி பைட்டை ஏற்காததால், சோதனைக்கு மட்டும் முழு இடமாக மாற்றி எழுதியிருக்கிறாள். சோதனையில் தேறியது உண்மையான பூட்டே இல்லை.

நேற்று போனில் எவ்வளவு சந்தோஷம் அவளுக்கு! "ரெண்டு செயலிக்கும் ஒரே நேரத்துல பூட்டுக் கெடைக்கவே கெடைக்காதுன்னு வந்துருச்சுங்கக்கா!" நானும் சரி என்றேன்.

விடிந்ததும் அந்தப் பூட்டு ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குப் போய்விடும்; அது தவறினால் நோயாளிக்கு நடுவில் கருவி நின்றே போகலாம். மழையில் டவர் வேலை செய்யவில்லை. பைக்கில் மலையிலிருந்து கீழே கூட்டிப் போகச் சொல்லி இவரிடம் அழுதேன். "மண்ணு சரிஞ்சு ரோடே அடைஞ்சு கெடக்குது கண்ணு. விடியட்டும், நடந்தாச்சும் எறங்கிரலாம்" என்றார்.

விடிந்தபின் இறங்கி என்ன செய்ய?

"அனுப்பாதே செல்வி" என்ற செய்தி இன்னும் போகவில்லை. பத்தாவது தடவையாக அழுத்துகிறேன். மாதிரி சொன்னதை நம்பி அவள் கீழே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள்.