இரண்டு விரல் உயர்ந்த ஜீப்

விருத்தாசலம்,
14-6-1969

அன்புள்ள தம்பி சக்கரபாணிக்கு,

அண்ணி கண்ணம்மாள் எழுதுவது. அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நீங்கள் ஜபல்பூரிலிருந்து அனுப்பிய கம்பளியை இந்த வெயிலிலும் மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்கள். சின்னவன் அனுப்பியது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டியாகிவிட்டது.

ஒரு கெட்ட செய்தி. சேத்தியாத்தோப்புக்குச் சரக்கு கொண்டுபோய்த் திரும்பும்போது உங்கள் அண்ணனின் ஜீப் பள்ளத்தில் இறங்கிச் சேசிஸ் முறிந்துவிட்டது. டிரைவர் கருப்பனுக்கு அடியில்லை. ஆனால் பயந்துபோய் லாரி வேலைக்குப் போய்விட்டான்.

ஜங்ஷன் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மாயவன் என்பவர் வந்து பார்த்தார். படுத்துக்கொண்டே சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு, "இதுக்கு மேல வெல்டு வெச்சா வெல்டுதான் ஓடும்மா, வண்டி ஓடாது. ஆனா பாடி நல்லா இருக்குது" என்றார். ஏலத்துக்கு வந்த ஒரு மகேந்திரா ஜீப் இருக்கிறதாம். மரக்கிளை விழுந்து அதன் பாடி நசுங்கிவிட்டது. சேசிஸும் இன்ஜினும் புதுசு மாதிரி. அதன்மேல் நம் பாடியை உட்கார வைக்கலாம் என்கிறார்.

ஜீப் இல்லாமல் முடியாது தம்பி. ஊருக்கு ஊர் கரண்ட் மோட்டார் வந்துவிட்டது. நம் பட்டறையில் செய்யும் பீங்கான் ப்யூஸ் வேண்டும் என்று திட்டக்குடி, அதற்குப் பக்கத்து மங்களூர் கடைக்காரர்கள் ஆள் அனுப்புகிறார்கள். வைக்கோலில் பொதிந்து பஸ்ஸில் ஏற்றினால் பாதி உடைந்துதான் போய்ச் சேர்கிறது. உங்கள் அண்ணன் இருந்தவரை ஆசையாக வைத்திருந்த வண்டி. உங்களைக் கேட்காமல் கைவைக்க மனம் வரவில்லை.

அன்புடன்,
அண்ணி

❖

ஜபல்பூர்,
2-7-1969

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் பார்த்தேன். அந்த ஜீப்பின் படத்தை என் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம். அதை ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போடப்போகிறார்கள் என்று படித்ததும் அன்று சோறு இறங்கவில்லை.

இங்கே ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். நீளம் ஒன்றுதான், பாடி உட்கார்ந்துவிடும். சிரமம் இரண்டு இடத்தில். நம்முடையது சண்டைக்கால ஜீப், பானட் தாழ்வு. மகேந்திரா இன்ஜின் உயரம். பானட் மூடாது. இன்ஜினைக் கொஞ்சம் இறக்கி வைக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது, நம் வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம், அதற்கு வலப்பக்கம். அண்ணன் உட்கார்ந்த பக்கத்திலேயே இருக்க வழி உண்டா என்றும் கேளுங்கள்.

செய்யுங்கள் அண்ணி. வேண்டாமென்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் பானட்டில் ஓட்டை போட்டு இன்ஜினைத் துருத்திக்கொண்டு நிற்க மட்டும் விடாதீர்கள். அது அண்ணன் வண்டியாக இருக்காது. அந்த ஆளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி,
சக்கரபாணி

❖

விருத்தாசலம்,
20-8-1969

அன்புள்ள தம்பிக்கு,

போல்ட்டுகளைக் கழற்றிப் பாடியைத் தூக்கித் தரையில் வைத்தபோது மாட்டுத்தொட்டி மாதிரி இருந்தது. இதையா இத்தனை காலம் வண்டி வண்டி என்றோம் என்று சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது. மாயவன் பார்க்காததுபோல் ஸ்பானரைத் தேடப் போய்விட்டார்.

நீங்கள் சொன்னபடியேதான் ஆயிற்று. பானட் மூடாமல் நான்கு விரல் திறந்து நின்றது. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "இறக்குனா ஆயில் தொட்டி ஆக்சில்ல இடிக்கும்மா" என்றார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "பானட்ல ஒரு ஓட்டயப் போடுப்பா, அரைநாள் வேலை" என்றார்கள். வேறு மெக்கானிக்காக இருந்தால் போட்டிருப்பார். இவர், "வண்டிக்காரரு தம்பி வேணாம்னு எழுதியிருக்காரு இல்ல?" என்று உளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கருவேலங்கட்டையும் லாரி டயர் ரப்பரும் வைத்துப் பாடியையே இரண்டு விரல் உயர்த்தினார். எல்லாம் முடுக்கியான பிறகு சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஒரு கட்டை ஒரு நூல் தாழ்ந்திருக்கிறது என்று மறுபடி முழுதும் கழற்றினார். யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். "மேல ஒக்கார்ரவங்க முதுகுக்குத் தெரியும்" என்றார். அந்தக் கட்டையை இழைத்துத் தடவிப் பார்த்த மாதிரி நம் பட்டறையில் யாரும் பீங்கானைக்கூடத் தடவிப் பார்த்ததில்லை.

இன்னும் இரண்டு விரல் மிச்சமிருக்கிறது. "தம்பிகிட்ட இன்னொரு யோசனை கேளுங்க, அவரு கையில எத்தினியோ வண்டி போயிருக்கும்" என்கிறார். எழுதுங்கள்.

ஸ்டீயரிங் வலப்பக்கம்தான் வரும் தம்பி. மாற்ற வழியில்லை. இடப்பக்கப் பெடல் ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்து, வலப்பக்கம் புதிதாக வெட்டியாகிவிட்டது. கல்யாணமான நாளாக நான் உட்கார்ந்துவந்த பக்கம் அது.

அன்புடன்,
அண்ணி

❖

ஜபல்பூர்,
6-9-1969

அன்புள்ள அண்ணிக்கு,

கார்புரேட்டர் தலையில் நிற்கும் காற்றுக்குழாயை அறுத்து, படுக்கை வாட்டத்தில் திருப்பிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். இரண்டு விரல் கிடைத்துவிடும். படம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஒரு நூலுக்காகப் பாடியை மறுபடி கழற்றிய சங்கதியை எங்கள் ஹவில்தாரிடம் சொன்னேன். "அந்த ஆளை இங்கே அனுப்பச் சொல்" என்றார். நான் நினைத்த மாதிரி ஆள் இல்லை போலிருக்கிறது.

ஆனால், அண்ணி, உங்கள் கடிதத்தில் ஜீப்பைவிட மெக்கானிக்தான் அதிகம் வருகிறார்.

தம்பி,
சக்கரபாணி

❖

விருத்தாசலம்,
25-1-1970

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளிக்கு எழுதியதற்கும் பொங்கலுக்கு எழுதியதற்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. மணியார்டர் மட்டும் அத்தை பெயருக்கு வந்தது. கோபம் என்று தெரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

உங்கள் படத்தின்படி குழாயைத் திருப்பியதும் பானட் மூடிவிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். மாயவன் மூன்று முறை திறந்து திறந்து மூடிக் கேட்டார். கடலூரிலிருந்து வண்டியைச் சோதிக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எந்த ஊர் கம்பெனியில செஞ்சது?" என்று கேட்டார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான்தான், ஜங்ஷன் ரோடு கம்பெனி என்றேன்.

இப்போது நானே ஓட்டுகிறேன். மாயவன்தான் கற்றுக்கொடுத்தார். திட்டக்குடி சாலையில் என்னைப் பார்க்க சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றுவிடுகிறார்கள். முதல் நாள் அத்தையும் ஏறிக்கொண்டார்கள். உங்கள் அண்ணன் போனபிறகு வாசல் தாண்டாதவர்கள். மங்களூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். திரும்பும்போது, "முதுகுல இடிக்கவே இல்லடி" என்றார்கள்.

சென்ற வாரம் மாயவன் வீட்டுக்கு வந்தார். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. என்னிடம் கேட்கவில்லை. அத்தை முன்னால் உட்கார்ந்து, "ஒங்க மருமவள நான் கட்டிக்கலாமான்னு கேக்க வந்தேங்க. ஒங்கள விட்டுட்டு வரச் சொல்லல. இந்த வூட்டுலயே நான் ஒரு ஓரமா இருந்துக்கறேன்" என்றார்.

அத்தை என்னைப் பார்த்து, "ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார்கள். நான் தலையசைத்தேன். "சின்னவனுக்கு எழுது. அவன் மனசு நோவக் கூடாது" என்றார்கள்.

அவர் நம் சாதி இல்லை. ஊர் என்ன பேசும் என்று தெரியும். பேசவும் தொடங்கிவிட்டது. உங்கள் அண்ணனோடு நான் நன்றாக வாழ்ந்தேன் தம்பி, அதில் ஒரு குறையும் இல்லை. மறந்துவிட்டு இதைச் செய்யவில்லை. உத்தரவு கேட்டும் எழுதவில்லை. ஆனால் உங்களை இழந்துவிட்டு இதைச் செய்ய எனக்குத் தெம்பில்லை.

அன்புடன்,
கண்ணம்மாள்

❖

ஜபல்பூர்,
15-2-1970

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படி எழுத வராமல் நாலைந்து காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

கலியமூர்த்தி சித்தப்பா ஐப்பசியிலேயே எழுதிவிட்டார், கேட்கக்கூடாத வார்த்தைகளில். அவருக்கும் பதில் போடவில்லை, உங்களுக்கும் போடவில்லை. பெட்டி மூடியைத் திறந்தால் அண்ணன் சிரிக்கிறார். திறக்காமலே இருந்தேன்.

உங்கள் கடிதம் வந்தபிறகு பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். பன்னிரண்டு வருடமாக மெக்கானிக்குகளோடுதான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு மனிதன் எப்படி வேலை செய்கிறான் என்பதைப் பார்த்தால் போதும், அவனைப் பற்றி வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாரோ ஒருவரின் தம்பி எங்கேயோ இருந்து எழுதிய ஒரு வரிக்காக உளியை உள்ளே வைத்தவர் அவர். அம்மாவையும் உங்களையும் அவரிடம் விட்டுவிட்டு நான் இங்கே நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி உங்களை அண்ணி என்று எழுதினால் அவருக்கு மரியாதை இல்லை. கண்ணம்மாள் என்று எழுதினால் எனக்குப் பொறுக்காது. அதனால் அக்கா. கல்யாணத்துக்குப் பெண்வீட்டுக்காரனாக நான் வந்து நிற்பேன். பங்குனியில் லீவு கேட்டிருக்கிறேன். சித்தப்பாவுக்கு இன்றைக்கே தனியாக எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள், என் மனசு நோகவில்லை. கொஞ்சம் நொந்தது, சரியாகிவிட்டது.

இன்னொன்று. புதுக் கட்டையெல்லாம் வெயிலில் காய்ந்து சுருங்கும். பாடி போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிவிடச் சொல்லுங்கள். தம்பி சொன்னதாக மாமாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
சக்கரபாணி