காட்டாத கை

அன்புள்ள அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். முதலாளி ஏசுகிறார் என்று நேற்று வீடியோவில் சொன்னீர்கள். வலது கையை மட்டும் கடைசிவரை காட்டவில்லை.

அழைப்பு முடிந்ததும் அம்மா சிரித்தார். "குருநகரிலை ஏசின சம்மாட்டி முதலாளியின்ரை வள்ளத்திலை அடுத்தநாள் ஏறாத மனிசன்! அங்கையும் வேறை இடம் மாறுவார்."

இன்று பள்ளிக்கூட நூலகத்தில் அகராதியோடு இருந்து உங்கள் வேலை அனுமதிப் பத்திரத்தின் பிரதியை வாசித்தேன். கனடாவில் அந்த மீன் தொழிற்சாலையைத் தவிர வேறெங்கும் நீங்கள் வேலை செய்ய முடியாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

முதலாளியால் துன்புறுத்தப்படுகிறவர்கள் வேறிடத்தில் வேலை செய்ய அனுமதி கேட்கலாம் என்று இணையத்தில் கண்டேன். விண்ணப்பத்தை நான் நிரப்புகிறேன். ஆனால் ஆதாரம் வேண்டும். அந்தக் கையைப் படமெடுத்து அனுப்புங்கள், அப்பா. அம்மாவுக்குக் காட்டமாட்டேன்.

நூலகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மூத்த மகள்