பட்டன் மேல் போட்ட பழி

டுலூத், பிப்ரவரி, சனிக்கிழமை

அன்பு மகள் மார்லிஸுக்கு அப்பா எழுதுவது. இங்கே ஏரி உறைந்து கிடக்கிறது, நாங்கள் இன்னும் உறையவில்லை. நீயும் வயிற்றுப் பிள்ளையும் அரிசோனா வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் என் மானம் போன கதை. போன ஞாயிறு சர்ச்சில் ஜெபத்துக்குத் தலை குனிந்தேன், முடியிலிருந்து மரத்தூள் பொலபொலவென்று பாட்டுப் புத்தகத்தில் கொட்டியது. பின்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டு வெர்னா, "ராய், இது பொடுகுன்னா டாக்டர்கிட்ட போ, மரத்தூள்னா குளிச்சிட்டு வா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

உன் பிள்ளைக்கு வால்நட் மரத்தில் தொட்டில் செய்கிறேன் அல்லவா, அந்தத் தூள்தான். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய தூசி உறிஞ்சும் மெஷினை ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். அது போடுகிற ஊளையில் ரேடியோவில் ஹாக்கி கேட்கவில்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலையும் திறக்கவில்லை. நிலவறையில் மரத்தைத் தேய்த்து முடித்தால் கொஞ்ச நேரத்தில் தூசி காணாமல் போய்விடும், நல்ல காற்றோட்டம் என்று பெருமை வேறு. ஹீட்டர் காற்றை இழுக்கிற வலை என் மேஜைக்கு நேர் மேலே இருக்கிறது, தூசி அது வழியாகத்தான் வீடு முழுக்கப் போகிறது என்பது இந்த மண்டைக்கு எட்டவில்லை. அம்மாவுக்கு இருமல் வந்தபோது, "உன் தூசியா இருக்குமோ?" என்று கேட்டாள். "சேச்சே, பூனை முடி" என்றேன், சட்டைக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே. அதோடு நம் பூனை பட்டனை வெர்னாவிடம் கொடுத்துவிட்டோம். அம்மா அதன் கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்ததைப் பார்க்காத மாதிரி இருந்தேன். பூனை போயிற்று, இருமல் போகவில்லை. அந்த ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்கு இறங்கி ஹீட்டர் வடிகட்டியை உருவினாள். காபிப்பொடியில் புரட்டியெடுத்த கம்பளி மாதிரி இருந்தது. "ராய், இங்க வா. இது எந்தப் பூனையோட முடி, சொல்லு" என்றாள்.

மறுநாளே அந்த வலையைத் தகடு வைத்து அடைத்தேன். உன் மெஷினை எடுத்துக் குழாயைத் தேய்ப்பு மெஷினோடு மாட்டினேன், ஜன்னலில் மின்விசிறியை வெளியே பார்த்து வைத்தேன். விரல் விறைக்கிறது, ஹாக்கியும் கேட்கவில்லை, எனக்கு வேண்டியதுதான். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, இன்னும் நிற்கவில்லை. நேற்று வெர்னா வீட்டுக்குப் போனேன். "வாங்க நீதிபதி, கைதிக்கு விடுதலையா?" என்றாள். பட்டனைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அதனிடம் மன்னிப்புக் கேட்டேன், சத்தமாகவே. வாசலில் அம்மா அதை வாங்கிக்கொண்டாள், உள்ளே போய் அலமாரியில் கவிழ்த்த கிண்ணத்தை எடுத்து வைத்தாள்.

தொட்டில் வந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடு, மறக்காதே. ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன் அப்பா,
ராய்

பி.கு. பூனையிடம் கேட்ட மன்னிப்பை அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. அவள் இருமும்போதெல்லாம் வாய்வரை வருகிறது, வெளியே வரும்போது "தண்ணி கொண்டு வரட்டா?" என்று ஆகிவிடுகிறது.