ஆமென் வராத சாட்சி

என் ஆசைப் பேத்திக்கு,

கர்த்தர் கிருபையால் நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்ப ஆசைப்படும் உன் பாட்டி எழுதுவது.

போன் இருக்கும்போது கிழவிக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் அடுத்த மூலைக்குக் கேட்கும். நான் "ஹலோ" என்றாலே உன் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். இது அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய விஷயம். அவள் குளிக்கப் போகும்போதும் கண்ணயரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். வரிகள் ஏறி இறங்கி இருந்தால் அது என் படிப்பின் குறை இல்லை, மடியில் வைத்து எழுதுவதால் வந்தது. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்களே தவிர, வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்.

பாஸ்டர் மனைவி இந்தத் தாள்களைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருகிறேன் என்றாள். படிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் அவளுக்காக இங்கே ஒரு வரி: அம்மா, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலையில் மஞ்சள் தொப்பியோடு நிற்கிறாயே, அது. சபையில் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன். "பின்னாடி நிக்குதே அந்தக் கட்டடம், அது என் பேத்தி போட்ட கோட்டு மேலதான் நிக்குது" என்றேன். ஆராதனையில் மைக்கோடு ஓடுவாளே, அந்த மைக் அக்கா, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்து, "தலையில என்ன பாட்டி, சட்டியா?" என்று கேட்டாள். எதற்கெல்லாம் பதில் சொல்வது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கர்த்தர் சுகம் தந்தார் என்று உன் அம்மா சபையில் எழுந்து சாட்சி சொன்ன ஒலிப்பதிவை ஆபீசில் கேட்டு அழுதாய் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குத்தான் சுகமாகிவிட்டதே, லீவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டேன் என்றும் எழுதியிருந்தாய். உட்கார்ந்துகொண்டு படி. உன் அம்மாவுக்குச் சுகமாகவில்லை.

ஆபரேஷனில் கட்டியை எடுத்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஊசி வழியாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அதில் பாதிதான் முடிந்திருந்தது. அப்போதுதான் வெளியூரிலிருந்து அந்தப் பிரசங்கியார் வந்தார். நல்ல குரல், நல்ல கோட்டு. "சுகம் கிடைச்சப்புறம் சாட்சி சொல்றதுல என்ன இருக்கு? அதை யார் வேணாலும் சொல்லலாம். கிடைக்கிறதுக்கு முன்னாடியே கிடைச்சிடுச்சுன்னு சொல்லுங்க, அதுதான் விசுவாசம்" என்றார். வியாதிக்காரர்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்றார். உன் அம்மா எழுந்தாள். தலையில் முடி இல்லாமல், முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் பூரண சுகமாயிட்டேன்" என்று மைக்கில் சொன்னாள். சபை முழுக்கக் கைதட்டியது. ஆமென் என்று கூரை அதிர்ந்தது. நானும் தட்டினேன். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது, தட்டாமல் என்ன செய்வேன்?

அதன் பிறகு நடந்ததில் யார்மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. ஒருவராவது கெட்டவராக இருந்தால் வாய்விட்டுத் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து உன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அடுத்த வாரம் வரவில்லை. வழியில் பார்த்தபோது, "அக்காவுக்குத்தான் சுகமாயிடுச்சே பாட்டி, ஸ்தோத்திரம்" என்று இரண்டு கையையும் தூக்கினார். ஸ்டியரிங்கைப் பிடிங்க தம்பி என்றேன். முறை வைத்துச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்த பெண்கள் கேரியரை வாங்கிக்கொண்டு போனார்கள், அவரவர் வீட்டுப் பாத்திரம், கேட்கத்தானே செய்வார்கள். தைக்கக் கொடுக்காமல் இருந்தவர்கள் எல்லாம் துணி மூட்டையோடு வந்தார்கள். "இனிமே உங்களுக்கென்ன அக்கா" என்று பாடகர் குழுவின் அங்கி முழுவதையும் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். அவள் தைத்தாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் விரல் மரத்துப் போயிருக்கிறது. நான் கோத்துக் கொடுப்பேன், அவள் மிதிப்பாள், நடுவில் எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி மிதிப்பாள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது ஒன்று. ஞாயிறுதோறும் வியாதியாக இருக்கிறவர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள் இல்லையா, அதில் அவள் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு வாரமும் அந்த இடம் வரும்போது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். "போனா யாராவது பாப்பாங்க அத்தை. பாத்தா நான் சொன்னது பொய்யின்னு ஆயிடும்" என்றாள். பொய்தானே என்று வாய்வரை வந்தது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. நம்பித்தான் சொன்னாள். சொன்ன பிறகு அதைச் சுமக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். ஒருநாள் நான் எடுத்தேன். அந்த நர்ஸ் பெண், "பாதியில விட்டா இதுவரைக்கும் ஏத்தினதும் வீணாப் போயிடும்மா, எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்றாள். கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாயிருக்கட்டும்.

இஸ்திரிக் கடைக்காரர் மனைவியை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு சபைக்கு வந்தவள். அவளுடைய பெண்குழந்தைக்கு வலிப்பு. உன் அம்மாவின் சாட்சியைக் கேட்டதிலிருந்து அவள் உன் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஆராதனை முடிந்ததும் உன் அம்மாவின் கையைப் பிடித்துத் தன் குழந்தையின் தலைமேல் வைப்பாள். வீட்டுக்கு வந்து உன் அம்மா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "என்னைப் பாத்துதான் அவ தெம்பா இருக்கா அத்தை. நான் சொன்னதுலருந்து எப்படி இறங்கறது?" என்று ஒருநாள் கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அந்தப் பெண் மைக் வாங்கினாள். குழந்தை இடுப்பில் இருந்தது. "அக்கா மாதிரி நானும் விசுவாசத்துல நிக்கறேன். நேத்துலருந்து புள்ளைக்கு மாத்திரை குடுக்கல" என்றாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த உன் அம்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் சாட்சி சொன்னதே இல்லை என்பது உனக்குத் தெரியும். கர்த்தர் எனக்குச் செய்தது அவருக்குத் தெரியும், மைக் அக்காவுக்கு எதற்கு என்று இருந்துவிட்டவள். உன் தாத்தா போனபோதும் சொல்லவில்லை, உன் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்தபோதும் சொல்லவில்லை. அன்றைக்கு எழுந்துவிட்டேன். மைக் அக்கா சந்தோஷத்தோடு ஓடிவந்து, "நம்ம பாட்டி மொதல் மொதலா வாய் தொறக்கறாங்க" என்று மைக்கை வாயருகே நீட்டினாள். நான் சொன்னேன்.

"என் மருமகளுக்கு இன்னும் வலிக்குது. ராத்திரி தலகாணியக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா. மருந்து பாதியில நிக்குது. அவ பேரை மறுபடியும் ஜெபத்துல சேருங்க. அந்தப் புள்ளைக்கு இப்பவே போய் மாத்திரையக் குடுங்க. கர்த்தர் மாத்திரையப் பாத்துக் கோவிச்சுக்க மாட்டார்."

அவ்வளவுதான். யாரும் ஆமென் சொல்லவில்லை. கைதட்டலும் இல்லை. மைக் அக்கா, "அல்லேலூயான்னு முடிங்க பாட்டி" என்று காதோரம் சொன்னாள். முடியலம்மா என்றேன். இன்னும் முடியவில்லை என்றுதான் சொன்னேன், அவள் எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று எண்ணித் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் அவள் புருஷன் துணி கொடுக்க வந்தான். வாசலில் நின்று, "நேத்தே குடுத்துட்டோம் பாட்டி, பாப்பா நல்லா இருக்கா" என்றான். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "உங்க மேல கோவமாத்தான் இருக்கா" என்றான். இருக்கட்டும். மாத்திரை கொடுத்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படட்டும்.

பாஸ்டர் ஞாயிறு சாயங்காலமே வந்தார். அவரும் பாவம், இளைத்துப் போயிருக்கிறார். உன் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தன்னுடைய சர்க்கரை மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதைப் போட்டுட்டுத்தாம்மா நான் பிரசங்கமே பண்றேன். அன்னைக்கு அந்தப் பிரசங்கியார் பேசுனப்போ நான் குறுக்க வந்து நிறுத்தியிருக்கணும். விருந்தாளின்னு விட்டுட்டேன்" என்றார். உன் அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்கலாமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வேன்காரர் கீழே வந்து ஹாரன் அடித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். உன் அம்மா கட்டிலை விட்டு எழவில்லை. மறுபடி அடித்தார். எதிர்வீட்டுக்காரன் ஜன்னல் வழியாகக் கத்தினான். கடைசியில் நான் இறங்கிப்போய் நாளைக்கு வாங்க தம்பி என்று அனுப்பிவிட்டு ஏறி வந்தேன். அந்தப் படிகள் என் முழங்காலைத் தின்றுவிட்டன. அவர் மறுநாளும் வந்தார், நான் மறுநாளும் இறங்கி ஏறினேன். வெள்ளிக்கிழமை கட்டாயம் வருவேன், அன்றைக்குப் பிள்ளைகளுக்கு விடுமுறை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நான் சொன்ன ஒரே சாட்சி அத்தை. அதையும் எல்லார் முன்னாலயும் கிழிச்சுப் போட்டுட்டீங்க" என்றாள். அதற்கு மேல் அவள் அழவுமில்லை. என் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். உன் அப்பா போன பிறகு உன் அம்மா தன் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாம். "அத்தைய விட்டுட்டு எங்க போவேன்" என்று சொல்லி இருந்துவிட்டவள். அவள் என்னோடு பேசாமல் இருந்தால் பரவாயில்லை. உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மகள் அங்கே நிம்மதியாக வேலை பார்க்கட்டும் என்பாள். நான் அந்தச் சத்தியத்தை இன்றைக்கு மீறிவிட்டேன். கர்த்தரிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ உன் அம்மாவிடம் பேசு.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கூப்பிடு. நான் எழுதினேன் என்று சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. ஆஸ்பத்திரிக்குப் போ என்று எடுத்த எடுப்பில் சொல்லாதே. அதைச் சொல்ல நாங்கள் இவ்வளவு பேர் இருக்கிறோம். விசுவாசம் போயிற்றா என்றும் கேட்காதே. அது எங்கேயும் போகவில்லை, காலையில் எழுந்ததும் அவள் முழங்கால் போடுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுந்திருக்க முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடிப்பதையும் பார்க்கிறேன். எல்லாரும் அவளிடம் நல்ல செய்தியே கேட்டுப் பழகிவிட்டோம். நீயாவது, எங்கே வலிக்குதும்மா என்று கேள். இல்லை என்பாள். போனை வைத்துவிடாமல் இன்னொரு தடவை கேள். அவள் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதே. நான் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது, முடிக்கிறேன். வெயிலில் நிற்கும்போது அந்தத் தொப்பியைக் கழற்றாதே. கர்த்தர் உனக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுசையும் தரட்டும். நீ போடும் கோடெல்லாம் நேராக வரட்டும். உன் மேலதிகாரிக்கு இளகிய மனசைக் கொடுத்து, தள்ளிப்போட்ட அந்த லீவை இந்த மாசத்திலேயே உன் கையில் கொடுக்கட்டும்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
பாட்டி