கறுப்பு வெள்ளைக் கயிறு

சமலின் அப்பாவுக்கு,

ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். விண்வெளிப் பொறியியல் மேற்படிப்பு ஒருவழியாக முடிந்தது. அன்றைக்கு நான் விண்ணப்பத்தைக் கிழிக்கப் போனபோது, "எழுதிப் போடு, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்று நீ பிடுங்கிக்கொண்டது நினைவிருக்கிறதா?

சமல் முதலடி வைத்த நாளில், இனித் தடையில்லாமல் நடந்து போகட்டும் என்று நம் ஊர் வழக்கப்படி அவள் காலில் கட்டி அறுத்த கறுப்பு வெள்ளைக் கயிற்றை எனக்கு அனுப்பியிருந்தாய். நான்தான் அங்கே இல்லையே. அதை இழையிழையாகப் பிரித்து, காற்று போகும் வழி தெரிவதற்காக என் மாதிரி இறக்கையின் மேல் ஒட்டினேன். "என்னம்மா, இறக்கைக்கு மீச வச்சிருக்க?" என்று பேராசிரியர் சிரித்தார். காற்றில் இழைகள் துடித்ததைப் பார்த்து, அளவு எடுக்க மறந்து நின்றேன்.

நேற்று போனில் சமல் என்னை "அத்தை" என்றாள்.

வெள்ளிக்கிழமை அல்மாட்டி ரயிலில் வருகிறேன். இழைகளை மறுபடி கயிறாக முறுக்கி வைத்திருக்கிறேன். அவளையே என் காலில் கட்டச் சொல். அறுக்க யாரையும் கூப்பிடாதே.

இப்படிக்கு,
அவள் அம்மா