அடிமூடிக்குள் ஒரு சீட்டு

மே 6

அன்புள்ள நாளைக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதிவிட்டால் சம்பிரதாயம் முடிந்துவிடும். ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பது உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. வீட்டை விட்டு வந்து பதினோரு மாதம் கழித்து எழுதுகிறேன். போனை எடுக்க மனம் வரவில்லை. போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் இரண்டு பேருமே கத்த ஆரம்பித்துவிடுகிறோம். கடிதத்தில் கத்தினால் கைதான் வலிக்கும்.

ஒரு உதவி வேண்டும். அக்கா வீட்டு மாடியில், இஸ்திரி மேசைக்கும் துணி அலமாரிக்கும் நடுவே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அக்கா முகம் சுளிப்பதில்லை. அவள் வீட்டுக்காரரும் வாய்விட்டு எதுவும் கேட்பதில்லை. சட்டையை இஸ்திரி போட மேலே வரும்போது மட்டும் இரண்டு தடவை செருமுகிறார். அந்தச் செருமலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

இப்போது ஒரு வேலை கிடைக்கும்போல இருக்கிறது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டு டைப் செய்து கொடுக்கும் நிறுவனம். வேகத் தேர்வில் நான்தான் முதல். வீட்டிலிருந்தே செய்யலாம், எந்த ஊரில் உட்கார்ந்து செய்தாலும் அவர்களுக்குச் சம்மதம். ஆனால் கம்ப்யூட்டர் நம்முடையதாக இருக்க வேண்டும், மெமரி பதினாறு ஜி.பி. இருக்க வேண்டும் என்கிறார்கள். ஜூன் 2, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதில் உட்கார்ந்து ஒத்திகை. அன்றைக்குக் கம்ப்யூட்டர் தயாராக இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

புதிது வாங்க எனக்குக் கட்டாது. பழையதைச் சரிபார்த்து விற்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் யாரை நம்புவது? சோதித்து முடித்த தேதியைச் சீட்டில் எழுதி, கம்ப்யூட்டரின் அடிமூடிக்குள் ஒட்டிவைக்கிற மனிதர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். வேலை விஷயத்தில் உங்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வேகத்தைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அவசரக்காரி


மே 9

என் அன்பு அவசரக்காரிக்கு,

உன் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போய், ஒரு பிரிண்டரைப் பிரிக்கிற சாக்கில் நாலு தடவை படித்துவிட்டேன். சாப்பாடு வேளாவேளைக்கு நடக்கிறது. வேளைதான் கொஞ்சம் முன்னே பின்னே.

நீ அங்கே எதையும் வாங்கிவிடாதே. மூன்று வருஷம் ஆபீஸில் ஓடிவிட்டு வாடகை ஒப்பந்தம் முடிந்து திரும்பி வரும் மடிக்கணினிகள்தான் நல்லவை. வீட்டில் உழைத்தது என்றால் டீ குடித்திருக்கும், குழந்தை கையில் அடி வாங்கியிருக்கும். இன்னொரு விஷயம், மெல்லிசாக இருக்கிறது என்று ஆசைப்பட்டு வாங்கினால் மெமரியைப் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். அதை ஆண்டவனாலும் கூட்ட முடியாது. கொஞ்சம் தடியாக, உள்ளே மெமரி சொருக இரண்டு ஸ்லாட் இருக்கிறதாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் எட்டு இருக்கும். இன்னொரு எட்டைத் தனியாக வாங்கிச் சொருகிவிட்டால் பதினாறு. மொத்தமும் சேர்த்துப் புதிதின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

அப்படி ஒன்றை நேற்றே எடுத்துவைத்துவிட்டேன். கீபோர்டில் ‘N’ எழுத்து மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. பேட்டரி புதிது போடுகிறேன். ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போடுகிறேன். பத்து நாளில் உன் கையில் இருக்கும். இந்தத் தடவை உண்மையான பத்து நாள்.

தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? கட்டிலில் உட்கார்ந்து டைப் செய்யாதே.

இப்படிக்கு,
உன் நாளைக்காரன்


மே 13

அன்புள்ள நாளைக்காரருக்கு,

உண்மையான பத்து நாள் என்று ஒன்று இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்புவீர்களே, அதை நினைத்துக்கொண்டேன். ஒருவர் அந்த நாளைக்காக எட்டு மாதம் வந்து, கடைசியில் நம் வீட்டில் சாப்பிடுகிற அளவுக்குச் சொந்தமாகிவிட்டார்.

என் கதையும் அதேதான். முன்னறையை எனக்கு ஒழித்துத் தாருங்கள், ஒரு மேசை போட்டு டைப்பிங் வேலை எடுத்துச் செய்கிறேன் என்று ஆறு வருஷம் கேட்டேன். அறை முழுக்கச் செத்த கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்றீர்கள். நீங்கள் கெட்டவர் இல்லை. அதனால்தான் கிளம்ப எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

சண்டைக்கு எழுதவில்லை. ஜூன் 2 என்பதைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். நீங்களும் ஒட்டுங்கள். தோள்பட்டையை நினைவு வைத்துக் கேட்டதற்கு நன்றி. வலி அப்படியே இருக்கிறது.

அவசரக்காரி


மே 18

என் அன்பு அவசரக்காரிக்கு,

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கம்ப்யூட்டர் அநேகமாக முடிந்த மாதிரிதான். மெமரி ஒன்றுதான் பாக்கி. மொத்த வியாபாரி இன்றைக்கு, நாளைக்கு என்று இழுக்கிறார். என்னையே ஒருவர் நாளைக்கு வரச் சொல்கிறார் என்றால் பார்த்துக்கொள்.

கிடைத்ததைப் போட்டு அனுப்பலாம்தான். ஆனால் உள்ளே இருப்பதும் புதிதாகப் போடுவதும் ஒரே ஜாதியாக, ஒரே வேகமாக இருந்தால்தான் நல்லது. ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் இருந்தால், இரண்டும் மெதுவானதின் வேகத்தில்தான் ஓடும். உனக்கு அப்படி ஒன்றைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

வேறு என்ன விசேஷம்? தண்ணீர் மோட்டாருக்கு மறுபடி தொண்டை கட்டிக்கொண்டது. நீ விட்டுப்போன குடையை மழைக்கு எடுத்தேன், கம்பி ஒன்று வளைந்துவிட்டது, சரிசெய்து மாட்டிவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரர் உன்னை விசாரித்தார். "ஊருக்குப் போயிருக்கா" என்றேன். பதினோரு மாதமாக அவரும் கேட்கிறார், நானும் அதையே சொல்கிறேன், இரண்டு பேருக்கும் வெட்கம் இல்லை.

நீயும் நாலு வரி கூடுதலாக எழுது. ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறாய்.

உன் நாளைக்காரன்


மே 22

அன்புள்ள உங்களுக்கு,

வேகமானது மெதுவானதின் வேகத்தில்தான் ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். கம்ப்யூட்டரைப் பற்றித்தானா, நம் வீட்டைப் பற்றியா என்று சிரித்துவிட்டேன். இஸ்திரி போட வந்த அக்கா வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த அறையில் நான் சிரித்து அவர் பார்த்ததில்லை.

கூடுதலாக எழுதச் சொன்னீர்கள். சரி, எழுதுகிறேன். தபால்காரர் வருகிற நேரத்தில் காரணமே இல்லாமல் கீழே இறங்கி நிற்கிறேன். "என்னடி, மாடிப்படிக்கு வேலைக்கு வந்திருக்கியா?" என்று அக்கா கேட்கிறாள். உங்கள் கடிதத்தை ஒரு தடவை வேகமாகவும் ஒரு தடவை மெதுவாகவும் படிக்கிறேன். நேரில் இப்படியெல்லாம் நீங்கள் பேசியதே இல்லை. ஒத்திகை நல்லபடியாக முடிந்த பிறகு உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். இப்போது சொல்ல மாட்டேன். வேலை கையில் இருந்தால்தான் அதை நிமிர்ந்து உட்கார்ந்து சொல்ல முடியும்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். ஜோடிப் பொருத்தமெல்லாம் பார்க்க வேண்டாம். இருப்பதைப் போட்டு நாளைக்கே அனுப்பிவிடுங்கள். மெமரி தனியாக வந்தாலும் பரவாயில்லை, எப்படித் திறப்பது என்று எழுதுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன். நிறுவனத்தில் மறுபடி கேட்டுவிட்டேன். ஜூன் 2 என்றால் ஜூன் 2தான், காத்திருக்க முடியாது, ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றார்கள்.

உங்கள்
அவசரக்காரி


மே 28

என் அன்பு அவசரக்காரிக்கு,

இன்று பார்சல் அனுப்பிவிட்டேன். மூன்று நாளில் வந்துவிடும் என்று சத்தியம் செய்கிறார்கள். சனிக்கிழமை உன் கையில் இருக்கும். திங்கட்கிழமைக்கு நடுவில் முழுசாக ஒரு நாள் இருக்கிறது. மெமரி நேற்றுச் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. சொருகிச் சோதிக்க நேரம் இல்லாததால் தனியாக, வெள்ளிநிறப் பையில் வைத்திருக்கிறேன்.

போடுவது ஒன்றும் பிரமாதமில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிடு. கம்ப்யூட்டரை மெத்தென்ற துணியில் கவிழ்த்து வை. அடியில் ஒன்பது திருகாணி, எல்லாம் ஒரே நீளம், கலந்தாலும் பயமில்லை. பழைய பிளாஸ்டிக் அட்டை ஏதாவது ஒன்றால் ஓரத்தை நெம்பினால் மூடி கழன்றுவிடும். முதலில் பேட்டரி வயரைக் கழற்று. மெமரியைத் தொடுவதற்கு முன், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்க ஜன்னல் கம்பியை ஒருதரம் தொட்டுக்கொள். காலியாக இருக்கும் ஸ்லாட்டில் சாய்வாக நுழைத்து, கீழே அழுத்து. இரண்டு பக்கக் கொக்கியும் டிக்கென்று பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் பலத்தைக் காட்டாதே, எடுத்துவிட்டு மறுபடி வை.

என்ன விஷயம் பேச வேண்டும்? ஒரு வரி எழுதக்கூடாதா? நாலு நாளாகக் கடையில் கை ஓடவில்லை.

உன் நாளைக்காரன்


ஜூன் 6

பார்சல் புதன்கிழமை வந்தது. சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை மூன்று நாளும் வாசலிலேயே நின்றேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு நிறுவனத்துக்குப் போன் செய்து, வந்துகொண்டே இருக்கிறது என்றேன். பேசிய பெண் நல்ல பெண்தான். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உங்க இடத்துல ஆள் உக்காந்தாச்சு" என்றாள்.

உங்கள் மேல் கோபம் வரவில்லை. பார்சல்காரன் மேல்தான் வந்தது. உங்களுக்கு என்ன ஆறுதல் எழுதலாம் என்றுகூட யோசித்தேன். வந்ததை வீணாக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியபடியே கவிழ்த்து வைத்து, ஒன்பது திருகாணியையும் கழற்றி, மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் உங்கள் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது.

"8+8 போட்டாச்சு. ராத்திரி முழுக்க டெஸ்ட். ஓகே. மே 12."

கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உங்கள் கடிதங்களை எடுத்துத் தேதி பார்த்தேன். மே 18: மெமரி வரவில்லை, மொத்த வியாபாரி இழுக்கிறார். மே 28: நேற்றுத்தான் வந்தது. போட்டுச் சோதித்த மெமரியைக் கழற்றி, பையில் வைத்து, புதிதாக வந்தது மாதிரி அனுப்பியிருக்கிறீர்கள்.

ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.


ஜூன் 10

அம்மா அவசரக்காரி,

ஒட்டியது எனக்கு நினைவே இல்லை. சோதனை முடிந்தால் கை தானாகவே ஒட்டிவிடுகிறது.

மறைக்க ஒன்றும் இல்லை. மே 12 அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஒரு வேலையைச் சொன்ன நாளுக்கு முன்பே முடித்தது இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அட்டைப்பெட்டிகூட வாங்கிவந்துவிட்டேன். உன் இரண்டாவது கடிதம் வரட்டும், அதற்குப் பதிலோடு சேர்த்தே அனுப்பலாம் என்று இருந்தேன். வந்தது. படித்தேன். இதை அனுப்பிவிட்டால் நீ ஒரு நன்றிக் கடிதம் எழுதுவாய், அதோடு கதை முடிந்துவிடும் என்று தோன்றியது. பதினோரு மாதம் இந்த வீட்டில் ஒரு ஆள் குரல் இல்லை. ஒரு வாரம் தள்ளினால் இன்னும் இரண்டு கடிதம் வரும். மே 28க்கு அனுப்பினாலும் சனிக்கிழமை வந்துவிடும் என்று நினைத்தேன். உன் வேலையைக் கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இதையாவது நம்பு.

முன்னறையை ஒழித்துவிட்டேன். உன் முதல் கடிதம் வந்த வாரமே ஆரம்பித்தேன். நாற்பத்தொரு கம்ப்யூட்டரையும் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. ஜன்னல் பக்கம் மேசை போட்டிருக்கிறேன். சொன்னால் வாய்வார்த்தை என்பாய், முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று எழுதவில்லை.

என்ன பேச வேண்டும் என்றிருந்தாய்?

நாளைக்காரன்


ஜூலை 2

உங்களுக்கு,

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அதற்கு முன்னால் எழுதியிருந்தால் கத்தியிருப்பேன்.

மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறேன். ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும். ஊருக்கு வெளியே, இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு அறை பார்த்திருக்கிறேன். நிறுவனத்தில் அடுத்த பட்டியல் அடுத்த வருஷம்தானாம். என் பெயர் அதில் கடைசியில் இருக்கிறது.

என் முதல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். எந்த ஊரில் உட்கார்ந்து செய்தாலும் அவர்களுக்குச் சம்மதம் என்று எழுதியிருப்பேன். அந்த வரியை எழுதும்போது முன்னறைதான் என் கண் முன்னால் இருந்தது. வேலையோடு திரும்பி வந்தால் அறையை உங்களிடம் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை, நானே ஒழித்துக்கொள்வேன் என்று நினைத்தேன். நான் பேச வேண்டும் என்றது அதைத்தான். வந்திருப்பேன் என்று இப்போது சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வரட்டுமா என்று கேட்டிருப்பேன்.

நீங்கள் கெடுக்க நினைக்கவில்லை என்பதை நம்புகிறேன். அதை நம்பியும் எனக்கு ஒன்றும் மாறவில்லை. முன்பெல்லாம் நீங்கள் நாளைக்கு என்றால் சோம்பல் என்று நினைத்துக்கொள்வேன். இனி நீங்கள் நாளைக்கு என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், வேலை முடிந்துவிட்டது, என்னை நிறுத்திவைத்திருக்கிறீர்கள் என்றே தோன்றும். அப்படித் தோன்றிக்கொண்டு ஒரு வீட்டில் இருக்க எனக்குத் தெம்பு இல்லை. அறை காலியாகவே இருக்கட்டும், அல்லது வேறு எதையாவது வையுங்கள்.

இனி எழுத வேண்டாம். எழுதினால் பிரிப்பேன், பிரித்தால் படிப்பேன். அதனால் உங்கள் கடிதம் வந்தால் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். புது முகவரியை அவள் தர மாட்டாள்.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. வேலை விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல முடியாது. இதோடு அதே வெள்ளிநிறப் பையில் ஒரு மெமரி வைத்திருக்கிறேன். என் உபயோகத்துக்கு எட்டு போதும். யாருக்காவது தேவைப்படும், போட்டுக் கொடுங்கள். சீட்டில் என்ன தேதி எழுதுகிறீர்களோ, அதையே அவரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

குடையை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.